பெண்களுக்கும் நெஞ்சுதான் வலிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு பற்றிய கட்டுரை எங்கே வந்தாலும் கூடவே வரும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்: நரை விழத் தொடங்கிய ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்தபடி முகம் சுளித்து நிற்பார். பெண்களின் இதயம் பற்றித் தனியாக எழுதும்போதோ, "பெண்களுக்கு நெஞ்சு வலி வராது, களைப்புதான் வரும்" என்றொரு வாசகம் சேர்ந்துகொள்கிறது. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. இரண்டாவது நல்ல எண்ணத்தோடு பரப்பப்படுவதால், அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இதய நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறவர்கள் என்ற முறையில் அதைத்தான் முதலில் மறுக்க விரும்புகிறோம்.

உலக அளவில் பெண்களின் இறப்புக்கு முதல் காரணம் இதய, ரத்தக்குழாய் நோய்கள். இறக்கும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை இவையே கொண்டுபோகின்றன. மார்பகப் புற்றுநோயால் இறப்பவர்களைவிட இது பல மடங்கு அதிகம். இருந்தும், உங்களுக்கு எந்த நோயை நினைத்தால் பயம் என்று பெண்களிடம் கேட்டால் இதயத்தைச் சொல்பவர்கள் குறைவு.

மாரடைப்பு வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு நெஞ்சில்தான் தொந்தரவு இருக்கிறது. 55 வயதும் அதற்குக் குறைவுமான நோயாளிகளிடம் நடந்த விர்கோ ஆய்வில், ஆண்களைப் போலவே பெண்களிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு நெஞ்சு வலியோ அழுத்தமோ இருந்தது. வேறுபாடு, அதனோடு கூட வருகிறவற்றில்தான். மூச்சு வாங்குதல், குமட்டல், தாடையிலோ இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவிலோ வலி, படபடப்பு, காரணமில்லாத அசதி என்று மூன்று, நான்கு தொந்தரவுகள் பெண்களுக்குச் சேர்ந்தே வருகின்றன. மருத்துவரிடம் போனதும் இந்தப் பட்டியலின் ஓரத்திலிருந்து சொல்லத் தொடங்கினால், நடுவிலிருக்கும் நெஞ்சு அழுத்தம் காதில் விழாமலே போய்விடும். அதே ஆய்வில், மாரடைப்புக்கு முன்பே இதே தொந்தரவுகளுக்காக மருத்துவரைப் பார்த்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், "இது இதயம் சம்பந்தப்பட்டதில்லை என்று மருத்துவர் கருதினார்" என்று சொன்னார்கள். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு.

இன்னொரு சிக்கல் 'வலி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்று உண்மையாகவே பதில் வரும். ஏனென்றால் அவர் உணர்வது பாரம், இறுக்கம், பிசைவது போன்ற ஒன்று, அல்லது எரிச்சல். வீட்டில் இருப்பவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறதா? இறுக்கிக் கட்டிய மாதிரி இருக்கிறதா? தாடையிலிருந்து தொப்புள் வரை, முன்புறமோ முதுகிலோ, புதிதாகத் தோன்றி சில நிமிடங்களுக்கு மேல் விலகாத எந்தத் தொந்தரவும், குளிர்ந்த வியர்வையோ மூச்சிரைப்போ வாந்தியோ சேர்ந்தால், மாரடைப்பு இல்லை என்று நிரூபணமாகும் வரை மாரடைப்புதான். போன வாரம் சிரமமில்லாமல் ஏறிய படிக்கட்டில் இந்த வாரம் பாதியில் நிற்க வேண்டியிருந்தால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நடந்தால் வந்து, நின்றால் விலகும் தொந்தரவு வாய்வுப் பிடிப்பாக இருப்பது அரிது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வண்டியைத் தானே ஓட்டிப் போகக் கூடாது, வாசல் வரை நடப்பதைக்கூடக் குறைத்துக்கொள்வது நல்லது. கதவைத் தாழ் நீக்கி வைக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்தக் கசிவு நோயோ இல்லாதவர்கள், ஆம்புலன்ஸ் சேவையினரோ மருத்துவரோ தொலைபேசியில் சொன்னால், 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். வீட்டில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது; ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும். "அரை மணி நேரம் படுத்துப் பார்க்கிறேன்" என்பதுதான் பெண்கள் அதிகம் செய்யும் தவறு. அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத்தசை அந்த அரை மணி நேரத்திலும் செத்துக்கொண்டேதான் இருக்கும்.

மருத்துவமனையில் முதல் வாக்கியம் முக்கியம். "மயக்கமாக இருக்கிறது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை" என்று தொடங்கினால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "நெஞ்சில் அழுத்தம், இத்தனை மணிக்கு ஆரம்பித்தது, மாரடைப்போ என்று சந்தேகம், இ.சி.ஜி. எடுங்கள்" என்று கூட வருபவர் சொல்ல வேண்டும். உள்ளே வந்து 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்து, அதை ஒரு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் தொந்தரவு நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். "ஒன்று எடுத்தாயிற்றே" என்பது பதிலாகாது. மாரடைப்பு உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரைபடமும் மாறிக்கொண்டேயிருக்கும்.

இங்கே யாரும் பேசாத ஒரு சிறு விஷயம். இ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் ஆறு முனைகளில் நான்காவது, இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக வரும் கோட்டில், ஐந்தாவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். பல பெண்களுக்கு அந்த இடம் மார்பகத்தின் கீழ் மடிப்பில் வரும். மார்பகத்தைச் சற்று உயர்த்தி அதன் அடியில் ஒட்ட வேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் அதே மட்டத்தில் பக்கவாட்டில் போகும். எடுப்பவரும் கூச்சப்பட்டு, படுத்திருப்பவரும் கூச்சப்பட்டு, உடையை விலக்காமல் மேலேயே ஒட்டிவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். நெஞ்சின் குறுக்கே போகப் போக வளர வேண்டிய ஆர் அலை (வரைபடத்தில் மேல்நோக்கி எழும் கூர்முனை) வளராமல், எப்போதோ மாரடைப்பு வந்து போனது போன்ற தோற்றம் வரலாம். உண்மையான மாற்றம் மறைந்தும் போகலாம். திரை கேளுங்கள், பெண் ஊழியர் இருந்தால் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றாலும் முனை சரியான இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்தது ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. பெண்களின் இதயம் சிறியது என்பதால் இயல்பு அளவும் குறைவு. பரவலாகப் பயன்படும் ஒரு பரிசோதனை முறையில் ஒரு லிட்டருக்குப் பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34 நானோகிராம் என்பது மேல் எல்லை. இருபாலருக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ளும் இடங்களில், 20 என்று வந்த பெண் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்படலாம். ஆகவே "பெண்களுக்கான எல்லைப்படி எப்படி இருக்கிறது?" என்று கேட்பதில் தவறே இல்லை. ஒரே ஒரு அளவீடு போதாது; ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டாவதும் எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் செய்து "பெரிய அடைப்பு எதுவும் இல்லை" என்று சொன்னதும் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடும். ட்ரோபோனின் ஏறியிருந்தால் அந்த நிம்மதி அவசரமானது. பெரிய அடைப்பில்லாத மாரடைப்பு பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வெடித்து, உறைவு உண்டாகிக் கரைந்திருக்கலாம். குழாய் தற்காலிகமாகச் சுருங்கியிருக்கலாம். ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருக்கலாம். கடும் அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் நுனி பலூன் போல உப்பி இயங்காமல் போகும் டக்கோட்சுபோ என்ற நிலையும் உண்டு. ஜப்பானில் 1990இல் முதலில் விவரிக்கப்பட்டது, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அதற்கு. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். "மனக்கவலை" என்று எழுதி அனுப்பிவிடுவதற்கு முன் எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை), முடிந்தால் இதய எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காரணத்துக்கேற்ப மருந்து மாறும்.

இளம் பெண்களைத் தாக்கும் இன்னொன்றைத் தனியே சொல்ல வேண்டும். இதயக் குழாயின் உட்சுவர் தானாகக் கிழிந்து, சுவருக்குள் ரத்தம் தேங்கி, குழாயை அமுக்கிவிடும். சர்க்கரையோ, கொழுப்போ, புகைப்பழக்கமோ இல்லாதவர்களுக்கும் வரும். இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு முதன்மையான காரணங்களில் இது ஒன்று. பிரசவமான சில வாரங்களில் நெஞ்சு அழுத்தத்தோடு வருபவரிடம் "இந்த வயதில் மாரடைப்பா?" என்று சிரிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். ரத்த ஓட்டம் சீராக இருந்தால் இதற்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பதில்லை. கம்பியும் பலூனும் நுழையும்போது கிழிசல் நீளக்கூடும். விட்டுவைத்தால் பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் தானாக ஆறிவிடும்.

திடீரென்று இதயம் நின்றுபோய் விழும் பெண்ணுக்கு நேர்வதும் இதே கூச்சத்தின் கதைதான். பொது இடத்தில் இதயம் நின்று விழுந்தவர்களைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு 2017இல் வெளியானது. விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தி உதவினார்கள். பெண்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான் அந்த உதவி கிடைத்தது. அந்நியப் பெண்ணின் நெஞ்சில் கை வைக்கத் தயங்குவது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பயிற்சிக்கு வைக்கும் பொம்மைகளில் பெரும்பாலானவை தட்டையான ஆண் மார்போடு இருப்பதும் ஒரு காரணம். பயிற்சியில் பார்க்காத உடலைத் தெருவில் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது.

அழுத்த வேண்டிய இடம் மார்பகம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள நெஞ்செலும்பின் கீழ்ப் பாதி. ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, இன்னொரு கையை மேலே கோத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி இருந்தால் ஒரு ஒட்டு வலது காறை எலும்புக்குக் கீழே. மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். இரண்டாவதை மார்பகத்தின் மேல் ஒட்டினால் மின்சாரம் இதயத்தைச் சரியாக எட்டாது. மார்பகத்தை விலக்கி விலா மேல் ஒட்ட வேண்டும். வெறும் தோலில் பதிய வேண்டும் என்பதால் உள்ளாடையை நகர்த்த வேண்டும், நகராவிட்டால் வெட்டிவிட வேண்டும். கர்ப்பிணியாக இருந்தாலும் அழுத்தும் இடமும் வேகமும் அவையே. கருப்பை தொப்புள் மட்டத்தை எட்டியிருந்தால் இன்னொருவர் அதை இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும், அது பெரிய ரத்தக்குழாயை நசுக்காமலிருக்க.

இனி, நோய் வருவதற்கு முன்னால் உள்ள காலம். பெண்ணின் இதயம் பற்றிய முதல் எச்சரிக்கை பல சமயம் கர்ப்ப காலத்திலேயே வந்துவிடுகிறது. இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் போய், சிறுநீரில் புரதம் போவது ப்ரீஎக்ளாம்சியா. "சிறுநீரில் உப்பு இருக்கிறது" என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இந்தப் புரதத்தைத்தான். பிரசவம் ஆனதும் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் பிற்காலத்தில் இதயச் செயலிழப்புக்கான அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகவும், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் ஆகிறது. கர்ப்ப காலச் சர்க்கரையும் அப்படியே. பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல்.

பிரசவத்துக்குப் பிறகு அழுத்தம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், அதாவது வீட்டுக்குப் போன பிறகு. ப்ரீஎக்ளாம்சியா இருந்தவர்கள் முதல் பத்து நாளுக்குள், கடுமையாக இருந்திருந்தால் மூன்று நாளுக்குள், அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு ஆண்டுதோறும். கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்கள் 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனையும், பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். நடைமுறையில் அந்த வாரங்களில் மருத்துவமனைக்குப் போவதெல்லாம் குழந்தையின் தடுப்பூசிக்காகவே. தாயின் கையிலும் ஒரு பட்டையைக் கட்டி அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்தப் பிரசவக் கால ஏட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது வயதில் இதய மருத்துவரிடம் போகும்போதும் அந்தத் தகவல் வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவமான ஐந்து மாதத்துக்குள்ளோ படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், கால் வீக்கம் கூடிக்கொண்டே போனால், இரவில் இருமல் வந்தால் அதைப் பிரசவக் களைப்பு என்று ஒதுக்காமல் எக்கோ எடுக்க வேண்டும். இதயத்தசையே பலவீனமாகும் நோய் இந்தக் காலத்தில் வரும். சீக்கிரம் பிடித்தால் பலர் முழுதாக மீள்கிறார்கள்.

மற்ற அபாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே, அளவுதான் பெண்களுக்கு மாறுகிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே பெண்களின் முதல் மாரடைப்பு அபாயத்தில் 94 விழுக்காட்டை விளக்கின. பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தாமதமாக வருவதும் அதில் தெரிந்தது. சர்க்கரை நோய் வந்துவிட்டால் அந்தச் சலுகை பெரிதும் கரைந்துவிடும். புகைப்பழக்கமும் பெண்களை ஆண்களைவிடக் கூடுதலாகத் தாக்குகிறது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு அல்லது முடக்குவாத நோய் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு பெற்றவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள்ளும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 50 மி.கி.க்குக் குறையாமலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழும் இருப்பது நல்லது. மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயத்துக்குக் காவல் என்ற நம்பிக்கை 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வோடு முடிந்துபோனது. உடல் வெப்பம், வியர்வை போன்ற தொந்தரவுகளுக்கு மருத்துவர் அதைத் தரலாம்; இதயத்துக்காக எடுக்கக் கூடாது.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கால்மேல் கால் போட்டாலும் பேசினாலும் அளவு ஏறும். பட்டையைத் துணிமேல் கட்டக் கூடாது. இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றினாலும் கை நெரிபட்டு அளவு பிசகும், சட்டையின் அந்தக் கையைக் கழற்றிவிடுவதுதான் வழி. மேற்கை பருத்தவர்களுக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத கொதிப்பு காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து எடுக்கும் பெண்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், கொழுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, ஸ்டென்ட் வைத்தபின் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரட்டை மாத்திரைகளால் மாதவிடாய் ரத்தப்போக்கு மிகுதியாகலாம். ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று கூசி, சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வைத்து சில மாதமேயான ஸ்டென்ட் அப்படி நிறுத்தினால் உறைந்து அடைத்துக்கொள்ளும்; அது முதல் மாரடைப்பைவிட மோசமாக முடியலாம். ரத்தப்போக்கைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் பார்த்து, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். ஸ்டென்ட் வைத்த அன்றே, "மாதவிடாய் உண்டா, போக்கு எப்படி?" என்று மருத்துவர்கள் தாங்களாகவே கேட்டுவிட்டால் இந்தக் கூச்சத்துக்கு இடமிருக்காது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பக்கங்களில் மாரடைப்பு பற்றி எழுதும்போது ஒரு பெண்ணின் படத்தைப் போடுங்கள், நெஞ்சைப் பிடித்தபடியே. உயிர்காக்கும் முதலுதவிக்கு விளக்கப்படம் வரைவதானால், ஏ.இ.டி. ஒட்டுகள் ஒட்டும் இடத்தைப் பெண் உடலில் வரைந்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
இதய நோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்